இறங்கிட்டானா?

அம்மா தினமும் சாயங்காலம் போன் செய்வாள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்ற விசாரணையெல்லாம் எனக்குக் கிடையாது. எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான்.

"இறங்கிட்டானா?"

"இறங்கிட்டான்மா" என்று நான் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்கும். அதற்குப் பிறகுதான் மகள் என்று ஒருத்தி இருப்பது அவளுக்கு ஞாபகம் வரும்.

கேட்பது என் தம்பியைப் பற்றி. அவன் விமானப் பள்ளியில் பயிற்சியாளர். அந்தப் பள்ளி இருக்கும் சின்ன விமானத்தளத்தின் டவரில் நான் கட்டுப்பாட்டு அதிகாரி. அவன் ஏறுவதும் இறங்குவதும் என் வாய் வார்த்தையில்தான் நடக்கிறது. பிள்ளையை அக்காவின் கண்பார்வையிலேயே விட்டிருப்பதாக அம்மாவுக்குப் பரம திருப்தி. கண்பார்வை என்பது என்னவோ உண்மைதான். என் அறைக்கு நாலு பக்கமும் கண்ணாடி, ஒரு ஜன்னல்கூடத் திறக்காது. அடிவானம்வரை தெரியும், காற்று மட்டும் உள்ளே வராது. மீன்தொட்டியில் உட்கார்ந்துகொண்டு பறவைகளுக்கு வழி சொல்லும் உத்தியோகம் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

அம்மா அவனை 'கேப்டன்' என்பாள். நான் 'ட்யூப்லைட்' என்பேன். அதற்குக் காரணம் உண்டு. அவன் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில், கூடச் சேர்ந்தவர்கள் எல்லாம் தனியாகப் பறந்துவிட்டு வந்து படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்க, இவன் மட்டும் மாதக்கணக்கில் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சுற்றினான். லேட்டாக எரிந்ததால் ட்யூப்லைட். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் அவனும் திரும்பிப் பார்ப்பான்.

லைசென்ஸ் வாங்கியவன் விமானி ஆகிவிடுவான் என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆக முடியாது. லைசென்ஸ் கையில் வரும்போது பறந்த கணக்கு இருநூறு சொச்சம் மணி நேரம் இருக்கும். பெரிய விமானக் கம்பெனி கேட்பது ஆயிரத்து ஐந்நூறு. மீதியை எங்கே போய்ப் பறப்பது? யாரும் சும்மா விமானத்தைத் தூக்கிக் கொடுக்கமாட்டார்கள். அதனால் நேற்றுவரை மாணவனாக இருந்தவன் இன்று வாத்தியாராகிவிடுகிறான். மாணவன் ஓட்டுவான், இவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வான், பறந்த நேரம் இரண்டு பேர் கணக்கிலும் ஏறும். பெரும்பாலானவர்கள் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து திரும்பி வந்து நிற்கும்வரை கணக்கு. ஓடுபாதைக்கு முன்னால் வழி கிடைக்காமல் காத்துக் கிடப்பதும் கணக்குத்தான். லேட்டானால் முகம் மலர்கிற பிறவிகளை நான் இந்தத் தொழிலில்தான் பார்த்தேன்.

"அக்கா, நாளைக்குக் காலையில பெரிய விமானம் ஒண்ணு வருதாமே? எங்களை அவசரப்பட்டு முன்னாடி விட்டுடாதே. நிதானமா விடு."

"ஏண்டா, ரோட்டுல சிக்னல் விழுந்தா ஹாரனைக் கிழிக்கிற ஆளு நீ."

"அந்த மணி வேற, இந்த மணி வேற."

"எந்த மணியா இருந்தாலும் என் டவர்ல ஆட்டாதே, போ."

இந்தப் பேச்செல்லாம் வீட்டோடு சரி. ரேடியோவில் நாங்கள் இருவரும் அந்நியர்கள். அவனுக்கு அங்கே விமானத்தின் எண்தான் பெயர். எனக்கு 'டவர்' என்று பெயர். அங்கே பேச அளந்து வைத்த ஆங்கில வாக்கியங்கள் உண்டு. அதைத் தாண்டி ஒரு சொல் பேசக்கூடாது, வீட்டு மொழி வரவே கூடாது. பேசுவது அத்தனையும் பதிவாகும்.

வீட்டில் அவன் படுக்கை என் ஹால் சோபா. மூன்று வருஷமாக அதுதான். நீட்டிப் படுத்தால் கால் இரண்டும் வெளியே தொங்கும். அவனுடைய பெட்டி இருப்பதால் வாசல் கதவு பாதிதான் திறக்கும். நாங்கள் ஒருக்களித்து நுழையப் பழகிவிட்டோம். துவைத்த வெள்ளைச் சட்டை ஜன்னல் கம்பியில் தொங்கி இருக்கிற வெளிச்சத்தையும் மறைக்கும். என் வீட்டில் நான் சத்தமாகப் பாட்டுக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. அவன்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவன் சோபாவில் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருப்பதைப் பார்த்தால் கோபம் வந்த வழியே போய்விடும்.

இந்த நிலைமையில்தான் ஒரு கம்பெனி ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தது. மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் போக வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு முடிந்திருக்க வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் கம்ப்யூட்டரே வெளியே தள்ளிவிடும், கெஞ்சுவதற்கு ஆள்கூட இருக்காது. அடுத்து எப்போது எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. தம்பிக்கு இன்னும் இருபது மணி நேரத்துக்குப் பக்கத்தில் தேவைப்பட்டது. சாதாரண மாதத்தில் அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் மழை பிடித்துக்கொண்டது, வானம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது. அவனிடம் இருந்த மாணவர்களில் இரண்டு பேர் முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஒருத்திதான். கிசுகிசு.

அந்தப் பெயரும் நான் வைத்ததுதான். டவரில் எனக்கு மனிதர்கள் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். அந்தப் பெண் மருந்துக்கடை கவுண்டரில் வேலை செய்கிறவள். வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் ஒருவருடைய நோயைச் சத்தமாகச் சொல்லக்கூடாதல்லவா, அந்தப் பழக்கத்தில் ரேடியோவிலும் குசுகுசுவென்றுதான் பேசுவாள். ஓடுபாதையில் இறங்க அனுமதி கேட்பாள், எனக்கு மூல வியாதிக்கு மருந்து கேட்பதுபோல இருக்கும். ஸ்பீக்கரைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் அவளோடு பேச முடியும்.

வாரங்கள் போகப்போக அந்தக் குரல் எழுந்தது. பயிற்சி விமானம் செய்வதெல்லாம் ஒரே சுற்றுதான். ஏறி, நாலு தடவை இடதுபக்கம் திரும்பி, ஓடுபாதைக்கே திரும்பி வந்து இறங்கி, நிற்காமல் மறுபடி ஏறும். அவள் நன்றாகத் திரும்பிய நாளில் குரல் நிமிர்ந்து வரும். காற்று தள்ளிய நாளில் தொண்டைக்குள் போகும். ஒருநாள் மூன்று சுற்றையும் கோடு போட்ட மாதிரி பறந்து, இறக்கை ஆடாமல் உட்கார வைத்தாள். அன்றைக்கு நான் ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டியிருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

முதல்முறை தனியாகப் பறக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். சொன்னால் மாணவன் ராத்திரி தூங்கமாட்டான். நாலைந்து சுற்று நன்றாக வந்த ஒரு காலையில், வாத்தியார் விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்வார். பெல்ட்டைக் கழற்றுவார். "நான் இறங்கறேன்" என்பார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டு புல்லில் போய் நின்றுவிடுவார். இந்த இரண்டு சொல்லுக்காகத்தான் எல்லா மாணவர்களும் தவமாய்த் தவம் கிடப்பார்கள்.

தம்பி இறங்கவில்லை.

அந்த நல்ல நாளுக்கு மறுநாளும் இறங்கவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. அவள் "ஃபுல் ஸ்டாப்" என்பாள், அதாவது இந்தச் சுற்றோடு இறங்கி நிற்கிறோம் என்று. உடனே அவன் குரல் குறுக்கே வரும். "கரெக்‌ஷன், டச் அண்ட் கோ." தொட்டுவிட்டு மறுபடி ஏறுகிறோம் என்று அர்த்தம். நான் அனுமதி கொடுப்பேன். பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்பதில் டவர் மூக்கை நுழைக்க முடியாது.

பள்ளியில் ஒரு விதி உண்டு. ஒரு மாணவர் தனியாகப் பறந்துவிட்டால், அடுத்த பத்து மணி நேரம் பெரும்பாலும் தனியாகவே சுற்ற வேண்டும், கை படிவதற்காக. அந்த மணியெல்லாம் அவளுக்குத்தான் ஏறும். வாத்தியார் கீழே டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். வீட்டில் இரண்டு நாள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் சமையலறையில் நானே ஆரம்பித்தேன்.

"அந்தப் பொண்ணு எப்படிடா ஓட்டறா?"

"பரவாயில்ல."

"பரவாயில்லயா? நான் குருடின்னு நினைச்சியா?"

"நீ மேலேருந்து பாக்கிறே. உள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாது. அவ இன்னும் ரெடி இல்ல."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. தட்டைக் கழுவினான், கழுவிய தட்டையே மறுபடி கழுவினான்.

"அக்கா, என் மணி முடிஞ்ச உடனே நானே இறங்கிடறேன். சத்தியமா. அவளுக்கு ஒண்ணும் நஷ்டம் இல்ல, கொஞ்சம் கூடுதலாப் பறக்கறா, அவ்வளவுதான். நான் இன்னும் எத்தனை வருஷம் உன் சோபாவுல கிடக்கறது? சொல்லு."

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

நஷ்டம் இல்லை என்று அவன் சொன்னது மட்டும் பொய். ஒவ்வொரு நாளும் அவள் குரல் கீழே போவதை நான் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாக இறங்கிய பிறகும் வாத்தியார் இறங்காவிட்டால், தான் செய்ததில் ஏதோ தப்பு இருக்கிறது என்றுதானே மாணவி நினைப்பாள்? இல்லாத தப்பைத் தேட ஆரம்பித்தாள். தேடினால் கிடைக்காமல் போகுமா? திருப்பம் ஒன்று அகலமாயிற்று. ஒருநாள் உயரம் கூடிப்போயிற்று. மாதக் கடைசி நெருங்கும்போது பழையபடி ஸ்பீக்கரை முழுசாகக் கூட்டி வைக்க வேண்டி வந்தது.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து படியிறங்கி வரும்போது, அடியில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஒல்லியாக, மருந்துக்கடைச் சீருடையில். வாயைத் திறந்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

"மேடம், தொந்தரவுக்கு மன்னிக்கணும். நீங்க மேலேருந்து எல்லாரையும் பாக்கறீங்க. என்னை மாதிரி இவ்வளவு நாள் எடுத்துக்கிட்டவங்க யாராவது இருக்காங்களா?"

என் வீட்டிலேயே ஒருத்தன் இருந்தான். "இருக்காங்க" என்றேன்.

"அவங்களுக்கு அப்புறம் வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் தலையாட்டினாள். ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"நாளையோட நிறுத்திடலாம்னு இருக்கேன் மேடம். கைக்கு வராததைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கக் கூடாதுல்ல."

"உங்க சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ரெண்டு ஃப்ளைட் இருக்கு, அதைப் பறந்துட்டு முடிவு பண்ணுங்கன்னார். நல்ல மனுஷன். ஒரு தடவைகூடத் திட்டினதில்ல."

உண்மை என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போவாள், தம்பியின் மூன்று வருஷம் அங்கேயே முடிந்துவிடும். சொல்லாவிட்டால் இவள் தன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு, "நல்லாத் தூங்குங்க" என்றேன். அதைவிட உருப்படியாக ஒன்றும் எனக்கு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வானிலை அறிக்கை என் மேஜைக்கு வந்தது. காலையில் காற்றே இல்லை. மத்தியானத்துக்கு மேல் ஓடுபாதைக்குக் குறுக்காகப் பலமான காற்று. குறுக்குக் காற்றில் முதல்முறையாக யாரையும் தனியாக அனுப்பமாட்டார்கள். வாத்தியார் கூட இருந்தால் பறக்கலாம். அதாவது மத்தியானம் தம்பிக்கு அவன் மணி நேரம் முடிந்துவிடும். அவன் சத்தியம் செய்த 'இறங்கிடறேன்' மட்டும் நடக்கவே நடக்காது. இதே அறிக்கை பள்ளிக்கும் போகும். அவனும் படித்திருப்பான்.

படித்துவிட்டுத்தான் ஏறியிருந்தான். அவள் ஓட்ட, இரண்டு சுற்று முடிந்தது. இரண்டும் அழகான சுற்றுகள். பறப்பதை விட்டுவிடுவது என்று முடிவு செய்த பிறகு கை இறுக்கம் போய்விட்டது போல. குரலில்தான் உயிரே இல்லை. தான் நன்றாகப் பறக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றின்போது நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் விமானம் ஒன்று வந்தது. அதற்கு வழிவிட வேண்டும் என்பதால் பயிற்சி விமானத்தை இறங்கி, ஓடுபாதைக்கு வெளியே கோட்டருகில் நிற்கச் சொன்னேன். நின்றார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பைனாகுலரில் பார்த்தேன். தோளோடு தோள் உரசுகிற அந்தச் சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி வெளியே போக நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தன் உள்ளேயே இருக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆம்புலன்ஸ் விமானம் இறங்கி ஒதுங்கிவிட்டது. வானத்தில் வேறு யாரும் இல்லை. காற்றின் திசை காட்டும் துணிக்குழல் துவண்டு தொங்கியது.

"ரெடி ஃபார் டிபார்ச்சர்" என்றாள் கிசுகிசு. காதில் விழுந்தும் விழாத குரல்.

மைக்கை அழுத்தினேன். ஏறிப் பறக்க அனுமதி சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான தடவை சொன்ன வாக்கியம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அது வரவில்லை.

"இறங்கு" என்றேன்.

ரேடியோவில் இரைச்சல் மட்டும் கேட்டது. விமானம் ஏற்கெனவே தரையில் நிற்கிறது. அதை இறங்கச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தம்பியின் குரல் வந்தது. புரியாவிட்டால் கேட்க வேண்டிய முறையில், நடுங்காமல் கேட்டான்.

"டவர், சே அகெயின்."

மறுபடி சொல் என்கிறான். தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி கொடுக்கிறான் என்பது புரிந்தது. ஏதோ வாய் தவறிவிட்டது என்று விட்டுவிடலாம். டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"இறங்குடா. போதும்."

எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. விமானத்தின் வலதுபக்கக் கதவு திறந்தது. உடனே அவன் இறங்கவில்லை. உள்ளே குனிந்து அவளிடம் ஏதோ சொன்னான். அவள் தலை திரும்பி அவனையே பார்த்தது. பிறகு அவன் புல்லில் கால் வைத்தான், கதவைச் சாத்தினான், சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தான், வால் பக்கமாகச் சுற்றி விலகி நடந்தான்.

"ரெடி" என்றது ரேடியோ. வேறொன்றும் சேர்க்க அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

இந்தத் தடவை எனக்கு வாக்கியம் சரியாக வந்தது. ஒரு ஆள் பாரம் குறைந்ததால் விமானம் வழக்கமான இடத்துக்கு வெகு முன்னாலேயே தரையை விட்டு எழும்பியது. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முடிவெடுக்க வேண்டிய வாத்தியார் முடிவெடுக்கவில்லை. நான் எடுத்திருக்கிறேன். விமானம் ஓட்டத் தெரியாத நான். அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் அந்த ஒரு சொல்தான் காரணம்.

முதல் திருப்பம், இரண்டாம் திருப்பம். ஓடுபாதைக்கு இணையாக வரும்போது அவள் என்னைக் கூப்பிட்டு எங்கே இருக்கிறாள் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். கண்ணாடிக்கு அப்பால் அந்த வெள்ளைப் புள்ளி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"டவர்!" என்று ஸ்பீக்கர் அலறியது. நான் பின்னால் ஒரு அடி நகர்ந்துவிட்டேன். நான் முழுசாகக் கூட்டி வைத்திருந்ததைக் குறைக்க மறந்திருந்தேன். தான் இருக்கும் இடத்தையும், ஃபுல் ஸ்டாப் என்பதையும் அவள் டவர் கண்ணாடி அதிர்கிற மாதிரி சொன்னாள். யாரும் குறுக்கே வந்து திருத்தவில்லை. என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முதல் தடவையும் எல்லாவற்றையும் சரியாக, சத்தமாகத்தான் சொல்லியிருக்கிறாள். பொத்தானை அழுத்தாமல் காலி சீட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

இறங்கும்போது ஒருமுறை எம்பிக் குதித்தது விமானம். பிறகு உட்கார்ந்தது, நேராக ஓடியது, நின்றது.

முதல்முறை தனியாகப் பறந்து முடித்தவருக்கு டவர் வாழ்த்துச் சொல்வது வழக்கம். சொன்னேன். பைனாகுலரைத் திருப்பித் தம்பியைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் மணிக்கட்டைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தான். அப்புறம் கையைக் கீழே போட்டுவிட்டுப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மேஜைப் போன் அடித்தது. கீழ் அறையிலிருந்து மேலதிகாரி.

"ஃப்ரீக்வென்ஸில ஏதோ கேட்டுச்சே. அது என்ன மொழி?"

"வீட்டு மொழி சார்."

"யாருக்குச் சொன்னீங்க?"

"என் தம்பிக்கு."

"வேற ஆளை மேலே அனுப்பறேன். நீங்க இறங்கி வாங்க" என்றார்.

விசாரணை முடியும்வரை எனக்கு டவரில் வேலை இல்லை. பள்ளியில் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். மறைக்காமல் சொல்லிவிட்டான், இனிப் பறக்கக் கூடாது என்று மத்தியானமே தரையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் கணக்கில் இன்னும் தேவைப்பட்டது இரண்டு மணி நேரத்துக்கும் கீழே. ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூட இல்லை.

இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். பாதி திறந்த கதவில் அவன் முதலில் ஒருக்களித்து நுழைந்தான், நான் பின்னால் நுழைந்தேன். அவன் சோபாவில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"அவகிட்ட என்னடா சொன்னே? கதவைத் திறந்து வச்சுக்கிட்டு?"

"நீ போன மாசமே ரெடி, நான்தான் இறங்கலைன்னு சொன்னேன். உன் மேல தப்பு ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன்." குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தான். "அக்கா, எனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரு ஞாபகம் இருக்கா?"

"மீசைக்காரரா?"

"அவரேதான். அவ்வளவு நாள் என்கூடச் சுத்தினாரு. ஒருநாள் காலையில திடீர்னு இறங்கினாரு. அடுத்த வாரமே கம்பெனி யூனிஃபார்ம்ல வந்து எல்லாருக்கும் ஸ்வீட் குடுத்தாரு. நானும் வாங்கித் தின்னேன்."

அவன் சொல்லவருவது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவன் அவசரப்படுத்தவில்லை.

"அவருக்கு மணி முடிஞ்ச அன்னைக்குத்தான் இறங்கியிருக்காரு. புல்லுல உக்காந்திருந்தப்பத்தான் எனக்கே உறைச்சுது. இத்தனை வருஷமா, எனக்கு ஓட்ட வரலை, நான் மெதுவா எரியற ஆளுன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் நினைச்சுப்பேன்." சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டது. "என்கிட்ட யாரும் சொல்லவே இல்ல அக்கா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்து, வீடு முழுக்கச் சிரிக்க வைத்து, நேற்றுவரை கூப்பிட்டவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைத் தோளோடு சேர்த்துக்கொண்டேன். அவன் விலகவில்லை. ஜன்னலில் தொங்கிய சட்டை வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது, எழுந்து எடுக்கத் தோன்றவில்லை.

போன் அடித்தது. வழக்கமான நேரம்.

"இறங்கிட்டானா?" என்றாள் அம்மா.

நான் அவனைப் பார்த்தேன். அவனும் கேட்டுவிட்டான்.

"இறங்கிட்டான்மா" என்றேன்.

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.